ஆயத்த நிதி உப்பல் வரை வரட்டும்

ஹைதராபாத்தின் கிழக்கே, மூசி ஆற்றின் வடகரையை ஒட்டியிருக்கிறது உப்பல். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு அங்குள்ள ராஜீவ் காந்தி சர்வதேச விளையாட்டரங்கம் தெரியும். 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பல் சாலையில் இருக்கிறது. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அதே சாலையில்தான். மெட்ரோ ரயில், வாரங்கல் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, ஏரிகளை நெருக்கி எழுந்த குடியிருப்புகள் என எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளி மௌலாலியில் அணு எரிபொருள் வளாகம். ஆற்றைக் கடந்து போனால் தில்சுக்நகர். 2013 பிப்ரவரி 21 மாலை, சைக்கிள்களில் வைக்கப்பட்டிருந்த இரண்டு குண்டுகள் வெடித்து 18 உயிர்களைப் பறித்த கடைவீதி அது.

வெள்ளம், தீ, நெரிசல், ரசாயனக் கசிவு, குண்டுவெடிப்பு என ஒரு நகரம் எதற்கெல்லாம் அஞ்ச வேண்டுமோ அவை அத்தனைக்கும் இடம் இருக்கும் பகுதி உப்பல். இவற்றில் ஏதேனும் ஒன்று நாளை நடந்தால் முதல் அரை மணி நேரத்தில் அங்கே நிற்கப்போவது யார், அவர்கள் கையில் என்ன இருக்கும், அதற்கான பணத்தை முன்கூட்டியே யார் கொடுத்திருக்கிறார்கள்? பேரிடர் நிதி பற்றி நாம் நடத்தும் சண்டைகள் எல்லாம் நிகழ்வுக்குப் பின்னால் வரும் பணத்தைப் பற்றியவை. முன்னால் வர வேண்டிய பணத்தைப் பற்றி எந்தக் கட்சியும் குரல் கொடுப்பதில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

2020 அக்டோபர் 13 அன்று உப்பலிலிருந்து வாரங்கல் சாலையில் சற்றுத் தொலைவில் உள்ள கட்கேசரில் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பலை ஒட்டிய ராமந்தாபூர், ஹப்சிகூடா வீதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அன்றைய முதல்வர் கே.சந்திரசேகர ராவ் 5,000 கோடி ரூபாய் சேதம் என்று மதிப்பிட்டு, உடனடியாக 1,350 கோடி ரூபாய் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தலா 10,000 ரூபாய் என்று அறிவித்து, முதல் கட்டமாக 550 கோடி ரூபாயை மாநில அரசு விடுவித்தது. தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் அனுப்பியது. மாநகராட்சித் தேர்தல் நெருங்கியதும் அந்த உதவித்தொகை அரசியல் சர்ச்சையாகி, நவம்பரில் மாநிலத் தேர்தல் ஆணையம் அதை நிறுத்திவைத்தது.

வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மழைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு, நேரேட்மெட்டில் சைக்கிள் ஓட்டிச் சென்ற 12 வயதுச் சிறுமி ஒருத்தி திறந்துகிடந்த மழைநீர்க் கால்வாயில் விழுந்து இறந்துபோனாள். 2000 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆலோசனைக் குழு, நாலாக்கள் எனப்படும் அந்தக் கால்வாய்களில் ஆயிரக்கணக்கான ஆக்கிரமிப்புகள் இருப்பதை 2003இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. நாலாக்களைச் சீரமைக்கச் சுமார் 985 கோடி ரூபாயில் ஒரு திட்டம் உருவானது 2020க்குப் பிறகுதான். பதினேழு ஆண்டுகளாக ஓர் அறிக்கை பணத்துக்காகக் காத்திருந்தது.

பணம் வரும் பாதையைப் பார்ப்போம். 2005இல் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, மாநிலம், மாவட்டம் ஆகிய இரண்டு நிலைகளிலும் மீட்பு நிதியம், தணிப்பு நிதியம் என்று தனித்தனியாக அமைக்கச் சொல்கிறது. நடைமுறையில் உயிரோடு இருப்பது மாநில நிதியம். அதில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 75 விழுக்காட்டை மத்திய அரசும் மீதியை மாநிலமும் போட வேண்டும்; வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 90 விழுக்காடு. எவ்வளவு என்பதை ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதிக்குழு தீர்மானிக்கிறது. விஜய் கேல்கர் தலைமையிலான 13ஆவது நிதிக்குழு, பேரிடரை எதிர்கொள்ளும் திறனை வளர்க்க அனைத்து மாநிலங்களுக்குமாகச் சேர்த்து 525 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது குழு இதைத் தலைகீழாக மாற்றியது. 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கான மொத்தத் தொகை 1,60,153 கோடி ரூபாய். அதில் 20 விழுக்காடு தணிப்புக்கு, 40 விழுக்காடு மீட்பு, நிவாரணத்துக்கு, 30 விழுக்காடு மறுசீரமைப்புக்கு. மீதி 10 விழுக்காடு ஆயத்தப் பணிகளுக்கும் திறன் வளர்ப்புக்கும். கணக்குப் போட்டால் அந்தப் பத்து விழுக்காடு மட்டும் ஐந்தாண்டுகளில் 16,000 கோடி ரூபாய்.

இந்த நாட்டில் ஆயத்தத்துக்கென்று இவ்வளவு பெரிய தொகை முன்பு எழுதப்பட்டதில்லை. அதே குழு, தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாயும், ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்கு 2,500 கோடி ரூபாயும் தேசியப் பேரிடர் நிதியங்களிலிருந்து ஒதுக்கச் சொன்னது. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்குத் தலா 500 கோடி. ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், புணேவுக்குத் தலா 250 கோடி. பரிந்துரை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2021 பிப்ரவரியில். சென்னைக்கான 561 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அறிவித்தது 2023 டிசம்பர் 7 அன்று. மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரைக்கப்பட்ட பணம் அப்போதுதான் ஒப்புதலாகிறது என்பது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

தமிழ்நாடு அப்போது மிக்ஜாமுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாக 37,907 கோடி ரூபாய் கேட்டது. 2024 ஏப்ரலில், மாநிலம் உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு, தேசிய நிதியத்திலிருந்து கிடைத்த கூடுதல் உதவி சுமார் 276 கோடி ரூபாய். தெலங்கானாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் 10,320 கோடி ரூபாய் சேதம் என்றது மாநிலம். அக்டோபரில் 416.80 கோடியும், 2025 பிப்ரவரியில் 231.75 கோடியும் மத்திய அரசு அறிவித்தது. இந்த இடைவெளி அநீதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பேரிடர் நேரத்தில் மாநிலங்களைக் கையேந்த வைக்கும் இந்த ஏற்பாடு கூட்டாட்சிக்கு அழகல்ல.

ஆனால் அதே 2024 செப்டம்பரில் வெளிவந்த இன்னொரு தகவலையும் மறைக்கக் கூடாது. தெலங்கானாவின் மாநிலப் பேரிடர் நிதியத்தில் அந்த ஆண்டு ஏப்ரல் 1 நிலவரப்படி 1,345 கோடி ரூபாய் இருந்தது. பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை, ஆகவே அடுத்த தவணையை விடுவிக்க முடியவில்லை என்றது உள்துறை அமைச்சகம். விதிமுறைகளின் இறுக்கத்தால் இருக்கும் பணத்தையே செலவிட முடியவில்லை என்றார் முதல்வர் ரேவந்த் ரெட்டி. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. நிவாரணத்துக்கு எந்த இனத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு வகுத்திருக்கும் அளவுகள் குறுகியவை. அந்த அளவுகளுக்குள் ஆயத்தத்துக்கென்று இருக்கும் பத்து விழுக்காட்டைத் திட்டமிட்டுச் செலவிட்டு, கணக்கை உரிய காலத்தில் அனுப்புவதும் மாநிலத்தின் கடமை. கரையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது வங்கிக் கணக்கில் ஆயிரத்து முந்நூறு கோடி உறங்கியதற்கு டெல்லியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், எது பேரிடர் என்ற பட்டியல். புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடும் குளிர் ஆகிய பன்னிரண்டு மட்டுமே 2021–26 காலத்து மத்திய விதிகளின்படி இந்த நிதிக்குத் தகுதி பெற்றன. மாநிலம் தானே அறிவிக்கும் உள்ளூர்ப் பேரிடர்களுக்கு நிதியத்தில் 10 விழுக்காடு வரை செலவிடலாம். தெலங்கானா 2025இல் வெப்ப அலையை அப்படி அறிவித்தது. கூட்ட நெரிசல் இந்தப் பட்டியலில் இல்லை. ஆலை வெடிப்பு இல்லை. குண்டுவெடிப்பு இல்லை. 2025 ஆகஸ்டில் உப்பலை ஒட்டிய ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத் தேரில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று நகரின் மறுகோடியில் பாசமைலாரத்தில் மருந்துத் துறை மூலப்பொருள் ஆலை வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்க வாசலில் 11 பேர். செப்டம்பர் 27 அன்று நம் கரூரில் 41 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2022இல் உப்பல் அரங்கில் நடக்கவிருந்த இந்தியா–ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கான சீட்டு வாங்கப் போய், செகந்தராபாத் ஜிம்கானா மைதானத்தில் மிதிபட்டுக் காயமடைந்தவர்களை ஹைதராபாத் மறந்திருக்காது. நகரத்தில் வாழும் மனிதனைக் கொல்லும் பேரிடர்களில் பாதி, நிதிக் கணக்கின் பார்வையில் பேரிடரே இல்லை.

பயங்கரவாதத்துக்கு எதிரான ஆயத்தம் முற்றிலும் வேறு குழாயில் வருகிறது. காவல் துறை நவீனமயமாக்கல் திட்டம் 1969–70 முதல் நடக்கிறது. 2021–26க்கு அந்தக் குடைத் திட்டத்தின் அளவு 26,275 கோடி ரூபாய். 2007 ஆகஸ்ட் 25 அன்று ஹைதராபாத்தின் லும்பினி பூங்காவிலும் கோகுல் சாட் கடையிலும் குண்டுகள் வெடித்து 42 பேர் இறந்த அந்த ஆண்டில்தான் ஒருங்கிணைந்த ஆந்திரம் ஆக்டோபஸ் என்ற பயங்கரவாத எதிர்ப்புப் படையை அமைத்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009இல் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் சென்னை, மும்பை, கொல்கத்தாவோடு ஹைதராபாத்துக்கும் வந்தன. தில்சுக்நகர் வெடிப்புக்குப் பிறகு வந்த 2013ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் கூடும் நிறுவனங்கள் தங்கள் செலவில் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்றது. ‘நேனு சைதம்’ திட்டத்தில் குடியிருப்போரும் வியாபாரிகளும் பணம் போட்டுத் தெருக்களுக்குக் கேமரா வாங்கினார்கள். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து ஹைதராபாத்துக்கு 282 கோடி ரூபாய்ப் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. பஞ்சாரா ஹில்ஸில் 2022 ஆகஸ்டில் சுமார் 600 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் திறக்கப்பட்டது.

கேமராவும் கமாண்டோவும் தேவை. ஆனால் கமாண்டோ வருவதற்கு முன்பே குண்டு வெடித்துவிடுகிறது. அப்போது இரத்தம் ஒழுகும் மனிதனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுபவர் பழக்கடைக்காரர். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எத்தனை யூனிட் இரத்தம், எந்தச் சாலையைக் காவலர் அடைக்க வேண்டும், எந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பகுதியில் உள்ளவர்களே முன்கூட்டி முடிவு செய்து பழகியிருக்க வேண்டும். வெள்ளத்துக்கும் தீக்கும் நெரிசலுக்கும் வேண்டியதும் இதே பழக்கம்தான். ஆபத்தின் பெயர் எதுவானாலும் முதல் ஒரு மணி நேரம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுக்க உள்துறையின் ஒரு குழாயும் வருவாய்த் துறையின் ஒரு குழாயும் தனித்தனியே ஓட வேண்டிய அவசியமில்லை.

2025 மே 7 அன்று நாடு முழுவதும் 244 மாவட்டங்களில் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. ஹைதராபாத்தில் செகந்தராபாத், கோல்கொண்டா, கஞ்சன்பாக், மௌலாலி அணு எரிபொருள் வளாகம் ஆகிய நான்கு இடங்களில் மாலை 4 மணிக்குச் சைரன் ஒலித்தது. இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் முக்கியமானது. 1968ஆம் ஆண்டுக் குடிமைப் பாதுகாப்பு விதிகளின் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவசரக் கொள்முதல் செய்யலாம், அதற்காக உள்ளாட்சிகள் செய்யும் செலவு அவற்றின் மற்ற கடமைகளைவிட முன்னுரிமை பெறும் என்று அது நினைவூட்டியது. அதாவது ஆபத்து வாசலுக்கு வந்த நேரத்தில், மாநகராட்சியே தன் கையிருப்பிலிருந்து முதலில் செலவழிக்க வேண்டும் என்று டெல்லியே ஒப்புக்கொள்கிறது. சாதாரண நாளில் அதே மாநகராட்சிக்கு ஆயத்தத்துக்கென்று ஒரு ரூபாயைக்கூட உரிமையாகக் கொடுக்க எந்த விதியும் இல்லை.

அமெரிக்காவில் விதி இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்கே உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத் திட்டம் வந்தது. மாநிலங்களுக்கும் ஆபத்து மிகுந்த பெருநகரப் பகுதிகளுக்கும் கொடுக்கப்படும் அந்தப் பணத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை, கையில் வந்த 45 நாள்களுக்குள் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மாநிலத் தலைநகரம் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. அந்தத் திட்டத்தின் குறைகளும் நமக்குப் பாடம். பயங்கரவாதத்தையே நினைத்துக் கருவிகள் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த நாட்டை 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் புரட்டிப்போட்டது. நியூ ஆர்லியன்ஸில் கூரைகளின் மேல் நின்ற மக்களை மீட்க ஆளும் படகும் போதவில்லை. 2012இல் செனட்டர் டாம் கோபர்ன் வெளியிட்ட அறிக்கை, சிறு ஊர்கள்கூடத் தேவையில்லாத கவச வண்டிகள் வாங்கியதைப் பட்டியலிட்டது. பணத்தைக் கீழே அனுப்பும் விதியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆபத்தின் பெயரில் பூட்டி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

ஹைதராபாத்தில் இப்போது ஹைட்ரா இருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கப்பட்டு, வெளிவட்டச் சாலைக்குள் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைக் கவனிக்கும் பேரிடர் மீட்பு, சொத்துப் பாதுகாப்பு முகமை அது. முதல் நிதிநிலை அறிக்கையிலேயே 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அம்பர்பேட்டில் பத்துகம்மா குண்டா என்ற குளத்தை மீட்டுத் தண்ணீர் நிரப்பியது. உப்பல் நல்ல செருவும் அது சீரமைக்க எடுத்துக்கொண்ட ஏரிகளில் ஒன்று. ஏரிக்கு உயிர் கொடுப்பது எந்த நிவாரணத்தையும்விட மேலான ஆயத்தம். இதை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் ஆக்கிரமிப்புகளை அகற்றும் அதன் இடிப்பு இயந்திரம் செய்தித்தாளில் இடம்பிடித்த அளவுக்கு முதலுதவிப் பயிற்சி இடம்பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய பரப்புக்கு ஒரே முகமை, ஒரே ஆணையர் என்றால் ராமந்தாபூர் சந்துக்குள் தாழ்ந்து தொங்கும் கம்பியை ஊர்வலத்துக்கு முந்தைய நாள் யார் பார்ப்பார்கள்? 2025 செப்டம்பர் 26 இரவு மூசி பெருகி மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தபோது பயணிகளைக் கயிறு கட்டி வெளியேற்றினார்கள். மேலே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் மதகுகள் திறக்கப்படுவது தெரிந்த செய்தி. 1908இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வெள்ளத்துக்குப் பிறகு விசுவேசுவரய்யாவின் யோசனையில் உருவான அந்த அணைகள் தங்கள் வேலையைச் செய்தன. மதகைத் திறக்கும் செய்தி பேருந்து நிலைய மேலாளரிடமும் கரையோரக் குடிசையிடமும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்ற கடைசிக் கண்ணிக்குத்தான் பணமும் பயிற்சியும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைசிக் கண்ணிக்குப் பெரும் பணம் தேவையில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி, கருவிப் பை, காப்பீடு எல்லாம் கொடுக்க ஒதுக்கப்பட்டது 369 கோடி ரூபாய். ஆளுக்கு 37,000 ரூபாய்கூட ஆகவில்லை. 2015இல் சென்னையில் அரசுப் படகுக்கு முன்பாக மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எத்தனை உயிர்களைக் காப்பாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் முன்பணம் தரவில்லை. ஒரு வார்டில் ஐம்பது பேருக்குப் பயிற்சி, இரண்டு ரப்பர் படகு, தண்ணீர் இறைக்கும் பம்ப், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, தூக்குப்படுக்கை, ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை. விளையாட்டரங்கம் இருக்கும் வார்டில் கூட்ட நெரிசல் ஒத்திகை. ஆலை இருக்கும் வார்டில் ரசாயனக் கசிவு ஒத்திகை. எது வேண்டும் என்பதை வார்டே முடிவு செய்யலாம்.

உள்ளாட்சிக்குப் பணம் கொடுத்தால் களவு போகும் என்ற வாதம் உடனே எழும். போகும் இடமும் உண்டு. 2020இல் ஹைதராபாத்தில் நிவாரணப் பணம் உரியவருக்குப் போகவில்லை என்ற புகார் எழுந்தது, அது மாநில அரசின் பணத்தில் நடந்த விநியோகம். மேலிடத்தில் இருப்பதால் பணம் தூய்மையாகிவிடுவதில்லை. வார்டு அலுவலகச் சுவரில், இந்த ஆண்டு வந்த தொகை, வாங்கிய பொருள், அது இருக்கும் இடம், பூட்டின் சாவி யாரிடம் என்று எழுதிவைத்தால், தணிக்கையாளர் வருவதற்கு முன்பே தெருவில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்கள்.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சிகளிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்திருக்கிறது. ஆனால் அந்த ஆணையத்துக்கென்று ஒரு நிதியத்தைச் சட்டம் உருவாக்கவில்லை. 2025 இறுதியில் சுற்றியிருந்த 27 நகராட்சி அமைப்புகள் ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு வார்டுகள் 300 ஆயின. நகரம் விரியும் வேகத்தில் பொறுப்பும் பணமும் கீழே இறங்கவில்லை. 2026 முதல் 2031 வரையிலான 16ஆவது நிதிக்குழுக் காலத்துக்கான செலவு விதிகளில், ஆயத்தத்துக்கான தொகையில் குறைந்தது பாதியை 60 நாள்களுக்குள் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கொடுத்தாக வேண்டும் என்ற ஒரே ஒரு வரியை மத்திய அரசு சேர்க்க வேண்டும். நெரிசல், ஆலை விபத்து, குண்டுவெடிப்பு ஆகியவற்றுக்கான ஒத்திகையையும் அந்தப் பணத்தில் நடத்த அனுமதிக்க வேண்டும். இதற்குப் புதிய வரி வேண்டாம், புதிய நிதியமும் வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, தெருவிளக்கு, குப்பை பற்றிக் கேட்டுவிட்டு, மாநிலப் பேரிடர் நிதியத்தின் ஆயத்தப் பங்கில் நம் வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, அதில் என்ன வாங்கினீர்கள் என்று ஒரு கேள்வி எழுப்புங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.